ஈரப் பஞ்சு

நீடாமங்கலம் கேட் மூடினால்
எல்லாரும் வண்டியை அணைத்துவிட்டுத் திட்டுவார்கள்.
நான் எண்ணுவேன்.
டீசல் எஞ்சினின் இடப்பக்க நடைபாதையில்
கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் முளைகள்
பதினொன்று.
எனக்குப் பார்சலில் வந்த பித்தளைத் தகட்டில்
பத்துக்குத்தான் துளை.

ஒண்ணு குறைஞ்சா யாருக்குத் தெரியும்
என்றார் சவுரிமுத்து.
எனக்கு, என்றேன்.

அவரும் லஸ்கர், நானும் லஸ்கர்.
மூணாறு தலைப்பில் ஷட்டரை ஏற்றுவது, இறக்குவது.
பாமணியில் ஓர் அங்குலம் கூடிவிட்டால்
கோரையாற்றுக்காரர் யாராவது போனில்
என் அப்பாவையும் சேர்த்து விசாரிப்பார்.
அங்குலத்துக்குச் சண்டை போட ஊரே இருக்கிறது.
மில்லிமீட்டருக்கு நான் ஒருவன்.

எண்பத்தேழில் ஒரு பங்கு எஞ்சின்.
குவாட்டர்ஸில் ராத்திரி ஒன்பதரைக்கு
மேசைவிளக்கை இழுத்து முகத்தருகே வைத்துக்கொள்கிறேன்.
ஈயத்தைக் கம்பியாகவே தொட்டால் கட்டி தட்டிவிடும்.
பிளேடால் எள்ளளவு சீவி
அந்த எள்ளிலும் பாதியை
பிளக்ஸ் தடவிய மூட்டில் ஊசிமுனையால் வைத்து
அயர்னால் தொட வேண்டும்.
ஒன்று, இரண்டு,
சாம்பல் நிறம் சட்டென்று கண் திறக்கும்.
ஒரு பளபளப்பு ஓடி இடுக்கில் ஒளிந்துகொள்ளும்.
அப்போதே எடுத்துவிடு.
ஊதாதே.

முதல் முளை நின்றது.
இரண்டாவது நின்றது.
மூன்றாவதைத் தொட்டேன், இரண்டாவது விழுந்தது.

பித்தளையிடம் ரகசியம் தங்காது.
இங்கே சொன்ன சூடு
அடுத்த மூட்டின் காதுக்குப் போய்விடும்.
தண்ணீரும் அப்படித்தான்,
கரை எங்கே இளகியிருக்கிறது என்று
அதற்கு யாரும் காட்டித்தர வேண்டியதில்லை.
அடைப்பது என் உத்தியோகம்.
பஞ்சைக் கிள்ளி நனைத்துப் பிழிந்து
முடிந்த மூட்டின்மேல்
விரல்நகத்தளவு வரப்பாக வைத்தேன்.
சூடு வந்தது, பஞ்சைத் தொட்டது,
சுர்ரென்றது, நின்றது.

ஏழு வரை ஏறிவிட்டது.
எட்டாவது இடுக்கியிலிருந்து தெறித்து
எங்கோ டிக் என்றது.
ஒரே ஒரு டிக்.
டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்தேன்.
குறுணைக்கும் நகத்துண்டுக்கும்
ஈசல் சிறகுக்கும் முழநீள நிழல்.
கட்டிலின் கால்மாட்டில்
போன மாதம் தொலைந்த ஹாரன் குழாய்.
அந்தச் சந்தோஷத்தில்
முளையைத் தேடவே மறந்துபோனேன்.

பதினொன்று பத்துக்குப் போன்.
பாமணியை ரெண்டு இஞ்ச் இறக்கு,
மன்னார்குடிப் பக்கம் பயிர் முங்கி நிக்குது.
அயர்னை ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு ஓடினேன்.

மழை கோணலாக அடித்தது.
நான் சுற்றினேன்,
சவுரிமுத்து அளவுக்கல்லில் வெளிச்சம் பிடித்தார்.
பாதிச் சுற்றில் கேட்டார்: அது ஓடுமா?
எது?
உன் எஞ்சின்.
மோட்டார் வைக்கலை. ஓடாது.
ஹாரன்?
அடிக்காது.
அந்தக் கம்பியைப் பிடிச்சுக்க ஆள்?
கிடையாது.
இரண்டு சுற்று பேசாமல் இருந்தார்.
கீழே தண்ணீர் குரலை மாற்றிக்கொண்டது.
சரி, என்றார், பதினொண்ணே போடு.

திரும்பும்போதுதான் உறைத்தது,
அயர்னை அணைத்தேனா?
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் ஓடினேன்.
குவாட்டர்ஸ் மொத்தமும் இருட்டு.
எப்போது போனதோ, கரண்ட் இல்லை.
சுவிட்ச் கீழே தள்ளியபடி.
அயர்னைத் தொட்டேன்,
காய்ச்சல் விட்ட நெற்றிபோல் இருந்தது.

பஞ்சு காய்ந்து பதராகியிருந்தது.
கிரீஸ் படிந்த விரலை வேட்டியில் துடைத்து
நகத்தால் ஒவ்வொன்றாய் வருடினேன்.
ஏழும் நிற்கின்றன.
எட்டாவதை ஓர் ஊக்கிலிருந்து செய்துவிடலாம்.
பதினோராவது கேபின் ஓரத்தில்
லேசாக வெளியே சாய்ந்து நிற்கும், பார்த்திருக்கிறேன்.
துளையைக் கையால்தான் போட வேண்டும்.
நாளைக்கு, என்று எழுந்தேன்.

விளக்கு எரிந்தது.
நான் முடிவெடுப்பதற்குள்
அயர்ன் சூடேறத் தொடங்கியிருந்தது.
சொம்பில் விரலை விட்டு
புதுப் பஞ்சை நனைத்தேன்.